அப்பா மூன்றாம் முறை நின்ற தேர்தல்

காஜா பேராங்கில் என்னோடு ஓடிப்பிடித்து விளையாடியவர்களில் இன்னும் எத்தனை பேர் மிச்சம் என்று தெரியவில்லை. மிச்சம் இருப்பவர்களுக்கு என் அப்பாவை ஞாபகம் இருக்கும். ஞாபகம் வந்ததும் சிரிப்பும் வரும். தாராளமாகச் சிரியுங்கள். "கவுன்சிலர் மவ வருது பாரு" என்று என் பின்னால் கத்திய வாய்கள்தானே. அப்போது உங்கள் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. இப்போது பல்லும் போய், கோபப்படுகிற தெம்பும் போய்விட்டது. ஆனால் நீங்கள் சிரித்த கதையில் பாதிதான் உங்களுக்குத் தெரியும். மீதிப் பாதி எனக்கே முப்பது வருஷத்துக்கு மேல் கழித்துத்தான் தெரிந்தது. அதைச் சொல்லிவிடுகிறேன்.

அப்பாவுக்கு சைக்கிள் கடை. கடை என்று பெரிதாக நினைக்க வேண்டாம். சாலை வளைவில் அத்தாப்பு ஓலைக் கூரை, அதன் கீழே பஞ்சர் பார்க்க ஒரு தண்ணீர்த் தொட்டி, கம்பியில் தொங்கும் பழைய டயர்கள். ரப்பர் பசை வாசம் அவர் சட்டையில் மட்டுமல்ல, சாப்பிடும்போது சோற்றிலும் அடிக்கும். கம்போங் செட்டியின் ஓரத்தில் ஒரு வாடகைப் பலகை வீட்டில் இருந்தோம். வீட்டுக்குப் பின்னால் பெரிய லோங்காங். மூடியில்லாத கால்வாய். வெயில் காலத்தில் கறுப்புச் சேறும் நடுவில் ஒரு கோடு தண்ணீரும்தான் இருக்கும். மழை பிடித்துக்கொண்டால் ஆள் உயரத்துக்கு ஓடும்.

என் தங்கை அதில்தான் போனாள். மூன்று வயது. அப்பா கடையில் இருந்தார், நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். மழை வருகிறதென்று அம்மா கொடியில் கிடந்த துணிகளை எடுக்கப் போயிருக்கிறாள். எடுத்து உள்ளே போட்டுவிட்டுத் திரும்பிய நேரம்தான். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லாரும் அம்மாவைத்தான் கேட்டார்கள், பிள்ளையைக்கூடப் பார்க்காமல் அப்படி என்ன வேலை என்று. கேட்டுவிட்டுக் காப்பியும் குடித்துவிட்டுப் போனார்கள். கேட்காத ஒரே ஆள் அப்பாதான். அதன் பிறகு வருஷக்கணக்கில் அம்மா வீட்டில் விளக்கு ஏற்றவில்லை. வெள்ளிக்கிழமைகளில்கூட சாமி மாடம் இருட்டாகவே கிடந்தது.

லோங்காங்கின் மேல் பலகையாவது போடுங்கள் என்று கேட்க அப்பா நகராட்சி அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார். அங்கே உட்கார்ந்திருந்தவர், உங்கள் வட்டாரக் கவுன்சிலர் மூலமாக வாருங்கள் என்று சொல்லிவிட்டார். கவுன்சிலர் பண்டார் ஹிலிர் பக்கம் குடியிருந்தார். அவர் வீட்டு வாசலில் அப்பா மூன்று ஞாயிற்றுக்கிழமை நின்றார். மூன்றாவது ஞாயிறு திரும்பி வந்து, அந்த நாற்காலியில் தானே உட்கார்ந்தால்தான் வேலை நடக்கும் என்று அம்மாவிடம் சொன்னாராம்.

முதல் முறை நின்றது எனக்கு அரைகுறையாகத்தான் ஞாபகம். அவருக்குக் கிடைத்த சின்னம் சைக்கிள். கிடைத்ததும் குதித்தார், தொழிலே சின்னமாக வந்துவிட்டதென்று. ஊரோ அதைக் கடை விளம்பரம் என்று நினைத்துக்கொண்டது. வாக்களிப்பு நாளன்று நாலு பேர் டயரைத் தூக்கிக்கொண்டு வாக்குச்சாவடி வாசலுக்கே வந்து, இன்றைக்குக் கடை உண்டா என்று கேட்டார்கள். டெபாசிட் போயிற்று. இரண்டாம் முறை சின்னம் குடை. ஒரு மாதம் வெயிலிலும் குடை பிடித்துக்கொண்டே நடந்தார். தகரத்தைச் சுருட்டி அவரே செய்த ஊதுகுழலை வாயில் வைத்து, "குடைக்கு ஓட்டு, லோங்காங்குக்கு மூடி" என்று தமிழிலும் மலாயிலும் மாறி மாறிக் கத்துவார். அந்தத் தகரக் குழலின் விளிம்பு பட்டு அவர் உதட்டோரம் எப்போதும் ஒரு கீறல் இருக்கும். அந்த முறையும் தோல்விதான்.

இரண்டாம் தோல்விக்குப் பிறகுதான் அவருக்கு ஒன்று உறைத்தது. அவர் மேல் பிரியமாக இருந்த நம் பெண்களில் பாதிப் பேருக்கு வாக்காளர் பட்டியலில் பெயரே இல்லை. ரப்பர் தோட்டத்தில் பிறந்து, கல்யாணமாகி டவுனுக்கு வந்தவர்கள். பிறந்த சூராட், அதாவது பிறப்புச் சான்றிதழ், யாரிடமும் கிடையாது. அப்பா இரண்டு வருஷம் அதற்காக நாயாய் அலைந்தார். தோட்டத்து ஆபீஸ் கிராணியிடம் போய் எழுதி வாங்கி, விண்ணப்பப் பாரம் நிரப்பி, ஒவ்வொருத்தியையும் கூட்டிக்கொண்டுபோய்ப் பதிய வைத்தார். அதற்குள் மெர்டேக்காவும், அதாவது நாட்டுச் சுதந்திரமும், வந்து போயிருந்தது. பெயர் பதிந்து வந்த அன்றைக்கு, தெருவில் இடியாப்பம் விற்கும் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்து, தன் பெயரை அச்சில் பார்ப்பது இதுதான் முதல் தடவை என்று சொல்லி அழுதாள். அந்த இடியாப்பக்காரம்மாதான் அந்தப் பெண்கள் கூட்டத்துக்கே தலைவி மாதிரி. அம்மாவுக்கு உயிர்.

மூன்றாம் முறை சின்னம் கேட்கும்போது அப்பா யோசித்துக் கேட்டார். விளக்கு. பெண்கள் வாக்கு மொத்தமும் விழவேண்டுமென்றால் விளக்கைவிட நல்லது எது என்று அவருக்கு ஒரே பெருமை. வீட்டுக்கு வந்து அட்டையில் விளக்கை வரைந்து மஞ்சள் சாயம் பூசினார். அம்மா அதை வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு வெள்ளிக்கிழமைகூட இல்லை. இருந்தும் குளித்துவிட்டு வந்து விளக்கேற்றினாள். தங்கை போனபின் விட்டுப்போன விளக்கு அப்படித்தான் எங்கள் வீட்டில் திரும்ப எரிந்தது. எனக்கு அப்போது பத்து வயது. இந்த முறை அப்பா ஜெயித்துவிடுவார் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது.

எனக்கு மட்டுமில்லை, ஊருக்கே தோன்றியது. சிரித்தவர்கள் சிரிப்பதை நிறுத்தினார்கள். அப்பா எங்காவது பேச நின்றால் எதிர்த்து நின்ற மூன்று பேரும், அதாவது மீன், தென்னைமரம், சாவி சின்னக்காரர்கள், திரும்பிப் பார்த்தார்கள். ஆண்களிடம் அப்பா பேசினார். பெண்களிடம் பேசுவதை அம்மாவிடம் விட்டுவிட்டார். அந்தக் காலத்து முறை அதுதான், உங்களுக்குத் தெரியாததா. பெண்கள் கூடியிருக்கும் இடத்தில் அப்பா தலைகாட்ட மாட்டார். விளக்குப் படத்துக்குப் பக்கத்தில் பென்சிலால் குறுக்குக் கோடு போடவேண்டும் என்று அம்மாவிடம் ஒரு முறை சொன்னார். அம்மா தலையாட்டினாள்.

வாக்களிப்புக்கு இரண்டு நாள் முன்னால் பெண்கள் எல்லாரும் எங்கள் வீட்டு நடையில் உட்கார்ந்தார்கள். அன்றைக்கு இருந்த வாசம் இன்றும் என் மூக்கில் இருக்கிறது. தேங்காய் எண்ணெய், வெற்றிலை, ஈரத் தலை. பேச்சு எங்கெங்கோ சுற்றி, கடைசியில் எப்படிப் போடுவது என்பதற்கு வந்தது. இடியாப்பக்காரம்மாதான் முதலில் கேட்டாள், விளக்கு மேலேயா கறுப்புக் கோடு கிழிப்பது என்று. மற்றவர்களுக்கும் அது உறுத்தியிருக்கிறது. எல்லாரும் அம்மாவைப் பார்த்தார்கள்.

அம்மா கையிலிருந்த வெற்றிலையைக் கீழே வைத்தாள். பிறகு சொன்னாள். "விளக்கு மேல யாராச்சும் கோடு கிழிப்பாங்களா? வேண்டாதவங்கள அடிச்சு விட்ருங்க. மீனு, மரம், சாவி, மூணையும் அடிங்க. நம்ம விளக்கத் தொடாதீங்க. அது சுத்தமா நிக்கட்டும்."

எல்லார் முகத்திலும் ஒரு நிம்மதி. எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் தப்பான கணக்கைத்தானே அடிப்பார். அம்மா என் சிலேட்டை எடுத்துவரச் சொன்னாள். நான் நான்கு படங்கள் வரைந்தேன். மீன் நன்றாக வந்தது, சாவி சுமார். மூன்றின் மேலும் அழுத்தி அழுத்திக் கோடு கிழித்தேன். விளக்கை மட்டும் விட்டேன். சிலேட்டு கைமாறிக் கைமாறி எல்லாப் பெண்களிடமும் போய் வந்தது. பெருமையில் எனக்கு இரவுச் சாப்பாடு இறங்கவில்லை.

வாக்களிப்பு நாளன்று அம்மா அவர்களைக் கூட்டிக்கொண்டு போனாள். எல்லாரும் தலைக்குக் குளித்துப் பூ வைத்துக்கொண்டு, கோயிலுக்குக் கிளம்புவது மாதிரி கிளம்பினார்கள். பள்ளிக்கூடக் கட்டடம்தான் வாக்குச்சாவடி. ஒருவர் பின் ஒருவராக உள்ளே போய் வெளியே வந்தார்கள். வெளியே வந்த ஒவ்வொருத்தியும் அம்மாவைப் பார்த்துத் தலையசைத்தாள். அம்மா அவ்வளவு நிமிர்ந்து நின்று அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

எங்கள் பக்கத்து வீட்டு பீபிக்கும் வந்திருந்தார். செட்டி வீட்டுப் பெரிய பெண்மணி, பீபிக் என்றால் பெரியம்மா மாதிரி. சாமி கும்பிடுவது நம்மைப் போலத்தான், பேச்சு மட்டும் மலாய். எங்கள் வீட்டு நடையில் நடந்த பேச்சுக்கு அவரை யாரும் கூப்பிடவில்லை, கூப்பிட்டாலும் புரியாது. கெபாயாச் சட்டையின் மடிப்புக் கலையாமல் வெளியே வந்தவர் அம்மாவின் கையைப் பிடித்து, "குவா சுடா பங்கா லு புஞா பெலித்தா" என்றார். உன் விளக்குக்குக் குறுக்குக் கோடு போட்டுவிட்டேன் என்று அர்த்தம். அம்மா கையை உருவிக்கொண்டாள். பீபிக் சிரித்தபடியே நின்றார். அம்மாவுக்கு என்ன கோபம் என்று அவருக்குப் புரியவில்லை.

அப்பா மறுநாள் காலையில்தான் வந்தார். எண்ணி முடிக்க அவ்வளவு நேரம் ஆகியிருக்கிறது. மீன் சின்னக்காரர் ஒரு கைப்பிடி வாக்கில் ஜெயித்திருந்தார். அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அம்மா காப்பியோடு நின்றாள். பெண்கள் எல்லாரும் வந்தார்களே, நானே நின்று பார்த்தேனே என்று கேட்டாள்.

"வந்தாங்க," என்றார் அப்பா. "உள்ள போயி மீனுக்குப் போட்டுட்டாங்க."

அம்மா நம்பவில்லை. இடியாப்பக்காரம்மாவுமா என்று கேட்டாள். அப்பா, "எல்லாருந்தான். எண்ணும்போது தெரிஞ்சிருச்சு" என்று சொல்லிவிட்டுக் காப்பியை வாங்கிக்கொண்டார். அப்போது அம்மா பீபிக் சொன்னதைச் சொன்னாள். அந்தம்மாவே வாய்விட்டு ஒப்புக்கொண்டாள், நம் விளக்கை அடித்துவிட்டேன் என்று என் முகத்துக்கு நேராகவே சொன்னாள் என்று அழுதாள். அப்பா டம்ளரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

அதன் பிறகு நடந்ததில் கொஞ்சம் நீங்களும் பார்த்திருப்பீர்கள். தண்ணீர்க் குழாயடியில் அம்மா இடியாப்பக்காரம்மாவைக் கேட்கக் கூடாததெல்லாம் கேட்டாள். அந்தம்மா நடுத்தெருவில் கற்பூரம் ஏற்றி, விளக்குக்குத்தான் போட்டேன், இல்லையென்றால் என் குடும்பம் விளங்காது என்று சத்தியம் செய்தாள். அம்மா திரும்பிப் பார்க்காமல் குடத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். அந்தப் பெண்கள் யாரும் பிறகு எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. பீபிக் தீபாவளிக்குப் பலகாரத் தட்டு அனுப்பினார். அம்மா அதைத் திருப்பி அனுப்பினாள். தங்கை போனபின் கொஞ்சம் கொஞ்சமாக அம்மாவைத் தூக்கி நிறுத்தியவர்கள் இந்தப் பெண்கள்தான். இனி அவளுக்கு வீட்டில் நானும் அப்பாவும் மட்டும்தான்.

அப்பா நான்காம் முறை நிற்கவில்லை. நிற்கச் சொல்லி இரண்டு மூன்று பேர் வந்தார்கள். நம் சனங்களை நம்பி நின்றது போதும் என்று சொல்லி அனுப்பிவிட்டார். சில வருஷத்தில் நகராட்சித் தேர்தலே இல்லை என்று ஆகிவிட்டது. அப்பாவின் மேல் எனக்கு அப்போதுதான் கசப்பு விழ ஆரம்பித்தது. தோற்றுப்போன ஆத்திரத்தில் ஏழைப் பெண்கள் தலையில் பழியைப் போட்டுவிட்டு உட்கார்ந்துகொண்ட மனிதர் என்று நினைத்தேன். தங்கைக்காக நின்றேன் என்றாரே, அந்த லோங்காங் இன்னும் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறதே என்றும் நினைத்தேன்.

எனக்கு இருபத்தொரு வயதாகி முதல் முறை வாக்களித்த அன்று உண்மையில் ஒரு பங்கு தெரிந்தது. பொதுத்தேர்தல். மேசைக்குப் பக்கத்தில் படம் போட்டு விளக்கம் ஒட்டியிருந்தார்கள். யார் வேண்டுமோ அவருக்குக் குறுக்குக் கோடு, ஒன்றுக்கு மேல் போட்டால் செல்லாது. பென்சிலைப் பிடித்துக்கொண்டு நின்றவளுக்கு என் சிலேட்டு கண்முன் வந்தது. அந்தப் பெண்கள் ஒருத்திகூட மீனுக்குப் போடவில்லை. அத்தனை வாக்கும் செல்லாத வாக்காகப் போயிருக்கிறது. ஒழுங்காகப் போட்டது பீபிக் மட்டும்தான்.

இங்கேதான் நான் ஒரு காரியம் செய்தேன். அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. வாக்குச்சாவடியிலிருந்து நேராக வீட்டுக்குப் போனேன். அம்மா அடுப்படியில் கங்கோங் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் வாய்க்கு வந்ததைக் கொட்டினேன். நீ சொல்லிக்கொடுத்ததுதான் தப்பு, அவர்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை, அப்பா தோற்றதே உன்னால்தான் என்றேன். கண்டுபிடித்துவிட்ட மிதப்பு எனக்கு. எதிரில் இருப்பது யார் என்று பார்க்கவில்லை.

அம்மா ஆய்ந்த கீரையையும் ஆயாத கீரையையும் ஒன்றாகக் கலந்துவிட்டாள். கலந்ததை மறுபடி பிரிக்க ஆரம்பித்தாள். பிரித்துக்கொண்டே, "அப்பாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். தெரிந்திருந்தால் அந்தப் பெண்களைத் திட்டுவாரா என்றேன்.

"சொல்லாத," என்றாள். "புள்ளையையும் நான்தான் விட்டேன். இதையும் நான்தான் கெடுத்தேன்னு தெரிஞ்சா, அவரு தாங்க மாட்டாரு."

நான் சொல்லவில்லை. அம்மா அதன் பிறகு வாக்களிக்கவே போகவில்லை. ஒவ்வொரு தேர்தலுக்கும் மூட்டுவலி என்றாள். தீபாவளிக்கு அப்பாவுக்குத் தெரியாமல் என் கையில் ஒரு பலகாரப் பொட்டலத்தைக் கொடுத்து இடியாப்பக்காரம்மா வீட்டுக்கு அனுப்புவாள். யார் கொடுத்தது என்று சொல்லக்கூடாது என்பாள். அந்தம்மா வாங்கிக்கொள்வாள், யார் என்று கேட்கமாட்டாள். பீபிக்குக்கு அனுப்ப அம்மாவுக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை, அவர் அதற்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். அப்பா வாயைத் திறந்து அந்தத் தேர்தலைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அம்மா எழுந்து உள்ளே போய்விடுவாள். பத்து வயதில் சிலேட்டில் கோடு கிழித்ததைவிட இருபத்தொரு வயதில் நான் பேசிய பேச்சுதான் பெரிய பாவம் என்று இப்போது தெரிகிறது.

அம்மா காலமான பின் அப்பா புக்கிட் ரம்பாயில் என் வீட்டோடு வந்துவிட்டார். நாலு மாதம் இருக்கும். ஒரு பகலில், இடியாப்பக்காரம்மா தவறிவிட்டாள் என்று சேதி வந்தது. அப்பா எழுந்து வெள்ளைச் சட்டையை எடுத்தார். எனக்கு எங்கிருந்து அவ்வளவு ஆங்காரம் வந்தது என்று தெரியவில்லை. எந்த முகத்தோடு போகிறீர்கள் என்றேன். சாகும்வரை அந்தம்மாவைத் துரோகி என்றீர்களே, அவள் உங்களுக்குத்தான் போட்டாள், அத்தனை பேரும் உங்களுக்குத்தான் போட்டார்கள், போட்ட விதம்தான் தப்பு என்று எல்லாவற்றையும் சொன்னேன். நடையில் கூடியது, அம்மா பேசியது, என் சிலேட்டு, எதையும் விடவில்லை. அம்மாவிடம் நான் பேசியதை மட்டும் சொல்லவில்லை.

அவர் கட்டிலில் உட்கார்ந்து பொத்தானைத் தேடிக்கொண்டிருந்தார்.

"தெரியும்மா," என்றார். "செல்லாத ஓட்ட எல்லாம் தனியா எடுத்து, நிக்கிறவங்ககிட்ட ஒவ்வொண்ணா காட்டுவாங்க. எனக்கும் காட்டுனாங்க. மீனு, மரம், சாவி எல்லாத்துலயும் கோடு. விளக்கு மட்டும் சுத்தமா இருந்துச்சு. ஒரு தாளு இல்ல, ரெண்டு தாளு இல்ல. யாரு சொல்லிக் குடுத்திருப்பான்னு எனக்குத் தெரியாதா?"

வீட்டுக்கு வந்து ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"வேற என்னத்தச் சொல்றது. ஏற்கெனவே ஒண்ணத் தூக்கிச் சொமந்துக்கிட்டு நின்னா. அவ தலையில இன்னொண்ண வைக்கச் சொல்றியா? இடியாப்பக்காரம்மா கோவம் என் மேலதான் வந்துச்சு. வரட்டும்னு விட்டுட்டேன்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "மறுபடி நின்னா எப்படிப் போடணும்னு மறுபடி சொல்லிக் குடுக்கணும். குடுத்தா அவளுக்கு வெளங்கிரும். அதான் நிக்கல."

அவர் லோங்காங்கை விட்டுக்கொடுத்ததும், ஊரில் பேர் கெட்டுப்போனதும், அந்தப் பெண்கள் அம்மாவை விட்டுப் போக நேர்ந்ததும் எல்லாம் இதற்காகத்தான். அம்மாவுக்கு இருந்த ஒரே ஆதரவையும் சேர்த்துத்தான் அவர் வெட்டிவிட்டார் என்பது அவருக்குத் தெரிந்திருந்ததா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்க எனக்கு என்ன யோக்கியதை.

அப்பா பொத்தானைப் போட்டு முடித்து நிமிர்ந்து பார்த்தார். அந்தக் கண்ணில் ஒரு பயம் இருந்தது. மூன்று தேர்தலிலும் அவர் முகத்தில் நான் பார்க்காத பயம்.

"கடைசி வரைக்கும் அம்மாவுக்குத் தெரியாதுல்ல?"

"தெரியாதுப்பா," என்றேன்.

"அது போதும்," என்று சொல்லிவிட்டு, சாவு வீட்டுக்குப் போக என்னைச் செருப்பை எடுத்து வைக்கச் சொன்னார்.